பிங்க் சிலிப்பில் இருந்த பெயர்

மோட்டர்ஹோமுக்குப் பின்னால் ஒரு காரைக் கட்டி இழுத்துக்கொண்டு அமெரிக்காவுக்குள் போக என்னென்ன வேண்டும் என்று யாராவது வந்து கேட்டால், உடனே வாயைத் திறக்காதீர்கள். உங்களுக்குப் பதில் தெரியும் என்பது எனக்குத் தெரியும். புதிதாக லைசென்ஸ் எடுத்து இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிற நீங்கள் எல்லோரும் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். சட்டம் முழுவதும் உங்கள் போனுக்குள் இருக்கிறது. நான் இருபத்தாறு வருடம் கனடாவில், ஸ்காபரோவின் அஜின்கோர்ட்டில், ஒரு பிளாசாவின் மேல்மாடியில் இருந்து வாகன இன்சூரன்ஸ் விற்றவள். "அன்ரி, புதுப் பிள்ளையளுக்கு நாலு விசயம் எழுதித் தாங்கோ" என்று கேட்டிருக்கிறீர்கள். நாலு விசயம் என்னிடம் இல்லை. ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் நான் பிழைவிட்ட கதை. உற்சாகம் தருகிற மாதிரி ஏதாவது வேண்டுமென்றால் இதை இப்போதே மூடிவைத்துவிட்டு ஒரு கோப்பி குடியுங்கள்.

சட்டத்தை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். இழுக்கிற வண்டியும் இழுபடுகிற காரும் எவ்வளவு பாரம் என்று பார்க்கவேண்டும். ஓட்டுபவரின் லைசென்ஸ் அதைத் தாங்கவேண்டும். கொழுக்கியைத் தவிர இரண்டு சங்கிலி வேண்டும். மோட்டர்ஹோமில் பிறேக் பிடித்தால் பின்னால் வரும் காரின் லைற்றும் எரியவேண்டும். சில மாநிலங்களில் காருக்குத் தனி பிறேக் இல்லாமல் இழுக்க விடமாட்டார்கள். அதனால் போகும் மாநிலத்தை மட்டும் பார்க்காமல் வழியில் கடக்கும் மாநிலங்களையும் கேளுங்கள். எல்லாக் காரையும் நாலு சில்லும் உருள இழுக்க முடியாது. இழுக்கக்கூடிய காரையும், கட்டியபடி பின்னுக்கு எடுக்க முடியாது. திருப்ப வேண்டுமென்றால் கழற்றித்தான் திருப்பவேண்டும். இவ்வளவும் எனக்கு இந்தக் கதை நடந்த வருடமும் மனப்பாடமாகத் தெரியும்.

கனகு அண்ணை என் பழைய வாடிக்கையாளர். பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாலாம் மாடியில் பல வருடம் இருந்துவிட்டு, பிறகு ரூஜில் வீடு வாங்கிப் போனார். வீடு வாங்கியதே அந்த மோட்டர்ஹோமை நிறுத்தத்தான் என்று அவர் மனைவி யோகம் அக்கா சொல்லுவார். உள்ளே கட்டிலும் குசினியும் வைத்த பழைய வண்டிதான். அதை வாங்கிய நாள் என் ஒபிஸுக்கு லட்டோடு வந்து, "தங்கச்சி, இனி எனக்கு ரெண்டு வீடு, ஒண்டு ஓடும்" என்றார். கோடையில் ஏதாவது ஏரிக்கரையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, வெள்ளைக்காரர் எல்லாம் இறைச்சி சுடும் இடத்தில் இவர் பனங்கிழங்கு மாவில் ஒடியல்கூழ் காய்ச்சுவார். ஒரு மகன், ஒரு மகள். மகனைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டார்கள். மகள் மலர் ஊரிலேயே கலியாணம் முடித்து வன்னியில் தங்கிவிட்டாள்.

யுத்தம் முடிந்த அந்த மாதத்தைப் பற்றி உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. உங்களில் சிலர் தகப்பனின் தோளில் இருந்து டவுன்ரவுன் தெருக்களில் கொடி பிடித்திருப்பீர்கள். எங்கள் ஒபிஸில் அப்போது ஒருவரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. வாடிக்கையாளர் இன்சூரன்ஸ் கட்ட வந்து, பேசிக்கொண்டிருக்கும்போதே அழுவார்கள். நாங்களும் சேர்ந்து அழுதுவிட்டுப் படிவத்தை நிரப்புவோம்.

ஒரு புதன்கிழமை பின்னேரம் கனகு அண்ணையும் யோகம் அக்காவும் வந்தார்கள். மலருக்குக் காலில் காயம். கடைசியாக மிஞ்சியிருந்த அந்தத் துண்டு நிலத்தில், ஆஸ்பத்திரி என்று சொல்லப்பட்ட ஒரு கட்டடத்தில் கிடக்கிறாள். யாரோ ஒருவருடைய சற்றலைற் போனில் ஒன்றரை நிமிடம் கதைத்திருக்கிறாள். காயக்காரரைக் கப்பலில் ஏற்றி அந்த இடத்தை விட்டு எடுக்கிறார்கள், கப்பல் பட்டியலில் தன் பெயரைப் போடச் சொல்லி எங்கேயாவது கேளுங்கோ அப்பா என்று சொல்லியிருக்கிறாள். கனகு அண்ணை முந்தின கிழமையே நியூயோர்க்கில், அந்தக் கப்பலை அனுப்புகிற நிவாரண அமைப்பின் அலுவலகத்தைப் பிடித்து, அவர்களுடைய அதிகாரி ஒருவரைச் சந்திக்க நேரம் வாங்கிவிட்டார். வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. மலரைக் கனடாவுக்கு எடுக்கப் போட்ட பத்திரங்களை நேரே கையில் கொடுக்கவேண்டும் என்பது அவர் எண்ணம்.

பிளேனில் போகலாமே என்று கேட்டேன். பாஸ்போட் காலாவதியாகிவிட்டது. அந்தக் காலத்தில் குடியுரிமைக் கார்டைக் காட்டித் தரைவழியால் போக முடியும். யோகம் அக்காவுக்கு முழங்கால் ஏலாது, இன்சுலின் போடுகிறவர், படுக்க இடம் வேண்டும்.

"கப்பல் வந்து பிள்ளையை ஏத்தீட்டினம் எண்டு கேள்விப்படுமட்டும் நான் அங்கையிருந்து அசையமாட்டன்" என்றார் கனகு அண்ணை. "எத்தினை நாளெண்டாலும் வண்டியிலை கிடப்பம்."

காஸ் சிலிண்டர் வைத்த மோட்டர்ஹோமை நியூயோர்க் நகரத்துக்குள் போகும் சுரங்கப்பாதைகளில் விடமாட்டார்கள். அதனால் ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு முகாம் நிலத்தில் வண்டியை விட்டுவிட்டு, காரில்தான் உள்ளே போகவேண்டும். எல்லாம் விசாரித்து வைத்திருந்தார். கொழுக்கி, சங்கிலி, லைற், பிறேக் என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாம் ஓம். பஸ் ஓட்டிய மனிதன், என்னைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்.

கார் யாருடையது என்பது மட்டும்தான் மிச்சம். "கார் ஆற்றை அண்ணை?" என்று கேட்டேன்.

"எங்கடை கார்தான்" என்றார்.

நான் அந்த இடத்தில் நிற்பாட்டிவிட்டேன். எங்கள் ஆக்களிடம் இந்தக் கேள்விக்கு வேறு பதில் வராது. மச்சானுடையதும் எங்கடை, பெறாமகனுடையதும் எங்கடை. ஸ்காபரோ விலாசத்துக்கு இன்சூரன்ஸ் காசு கூடுதலாக வருமென்று, தூரத்து ஊரில் இருக்கிற சொந்தக்காரரின் பெயரில் காரைப் பதிந்துவிட்டு இங்கே ஓடுவது எத்தனை வீட்டில் நடந்தது என்று எனக்குத் தெரியும். பிங்க் சிலிப்பைக் காட்டுங்கோ என்று கேட்டிருக்கவேண்டும். காருக்கு இன்சூரன்ஸ் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டுகிற, உங்களுக்குத் தெரிந்த அதே சின்ன இளஞ்சிவப்புக் காகிதம்தான். அந்தக் காரின் இன்சூரன்ஸ் என்னிடம் இல்லை, வேறு இடத்தில் இருந்தது என்பதே எனக்கு உறைத்திருக்கவேண்டும். ஆனால் எதிரே யோகம் அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறார். அந்த நேரத்தில் காகிதம் கேட்பது மரியாதையில்லை என்று எனக்குப் பட்டது.

"எல்லாம் சரி அண்ணை, போட்டு வாங்கோ" என்றேன்.

அடுத்த நாள் வியாழக்கிழமை. கனடாவில் நீண்ட வாரவிடுமுறை வரப்போகிற கிழமை. காலை முழுக்க, கோடையின் முதல் முகாமுக்குப் போகிற ஆட்கள் வந்து வண்டிகளுக்கு இன்சூரன்ஸை உயிர்ப்பித்துக்கொண்டு போனார்கள். பன்னிரண்டரைக்கு கனகு அண்ணை எல்லையில் இருந்து போன் எடுத்தார்.

"தங்கச்சி, காருக்குச் சொந்தக்காரர் ஆர் எண்டு கேக்கிறாங்கள். கொண்டுபோகலாம் எண்டு அவர் எழுதின கடிதம் வேணுமாம். இல்லாட்டிக் கார் உள்ளுக்கு வரேலாதாம்."

"ஆற்றை பேர் அண்ணை கிடக்கு?"

"சுதன்ரை."

சுதன் யோகம் அக்காவின் தமையனின் மகன். ஸ்காபரோவுக்கு வடக்கே தள்ளி, பரி நகரத்தில் இருக்கிறான். பிங்க் சிலிப்பில் அவனும் அவன் பெண்சாதியும்தான் ஓட்டுநர்கள். எல்லை அதிகாரியை நான் குறைசொல்ல மாட்டேன். வேறொருவன் பெயரில் இருக்கிற காரைக் கட்டி இழுத்துக்கொண்டு ஒரு மனிதன் வந்தால், நானாக இருந்தாலும் மறித்திருப்பேன்.

கனகு அண்ணை காரைக் கழற்றி, மோட்டர்ஹோமைத் திருப்பி, இரண்டையும் கனடாப் பக்கத்தில் லொறிகள் நிற்கும் ஒரு தரிப்பிடத்துக்குக் கொண்டுவந்திருந்தார். என்னோடு கதைக்கும்போது கார் தனியாகத்தான் நின்றது. இதை நன்றாகக் கவனியுங்கள். கார் கழன்று நின்றது. அதைப் பூட்டி அங்கேயே விட்டுவிட்டு மோட்டர்ஹோமோடு போயிருந்தால் அன்றிரவே போய்ச் சேர்ந்திருப்பார்கள். முகாம் நிலத்தில் இருந்து ராக்சி பிடித்தாவது பத்து மணிக்குப் போயிருப்பார்கள்.

எங்கள் ஒபிஸில் எனக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார். புத்தளத்து முஸ்லிம் மனிதர், அண்ணன் என்ற கருத்தில் அவரை 'நானா' என்று கூப்பிடுவேன். எனக்குத் தொழில் தெரிந்தது பாதி அவரால். போனைக் கையால் பொத்திக்கொண்டு அவரிடம் விசயத்தைச் சொன்னேன். தலையை நிமிர்த்தவே இல்லை.

"காரை விட்டுட்டுப் போகச் சொல்லுங்க தங்கச்சி. அவருக்குத் தேவை காரா, புள்ளையா?"

எனக்குச் சுர்ரென்று வந்தது. யோகம் அக்காவின் முழங்காலை யோசித்தேன் என்று பிறகு பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். பொய். எல்லாம் சரி என்று முதல்நாள் சொன்னவள் நான். காரை விடச் சொன்னால் நான் சொன்னது பிழை என்றாகிவிடும். கடிதத்தை எடுத்துவிட்டால் என் வார்த்தை நிற்கும்.

"அண்ணை, அரை மணித்தியாலம் பொறுங்கோ. சுதனைப் பிடிச்சுக் கடிதம் எடுத்து ஃபக்ஸ் அடிக்கிறன். காரைத் திரும்பக் கொழுவி ரெடியா நில்லுங்கோ" என்றேன்.

அவர் கொழுவினார். சொன்னதைச் செய்கிற மனிதன்.

சுதன் வீட்டில் இல்லை. ஒட்டாவாவில், போரை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் புல்லில் இருந்த ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவனாக இருந்தான். போன் சார்ஜ் இல்லாமல் செத்திருந்தது. அவன் பெண்சாதி, அவளுடைய தம்பி, ஒட்டாவாவில் எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர் என்று எல்லோரையும் விரட்டினேன். அரை மணி ஒரு மணியானது, பிறகு மூன்று மணியானது. நானா என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

நாலு மணிக்கு ஒரு யோசனை வந்தது. நியூயோர்க் அலுவலகத்துக்குப் போன் எடுத்து, சந்திப்பைப் பின்னேரத்துக்குத் தள்ளமுடியுமா என்று கேட்போம். இலக்கம் கனகு அண்ணை தந்தது. எடுத்தது ஒரு பெண். பெயரைச் சொன்னதும் கோப்பைத் தேடிப் பார்த்தார். குரலை நன்றாகத் தணித்துக்கொண்டு பேசினார். அந்தக் கப்பல் கடைசியாகக் கரைக்குப் போனது போன சனிக்கிழமை. அதற்குப் பிறகு கிட்டப் போக முடியவில்லை. இனிப் போகும் என்ற நம்பிக்கை தங்களுக்கு இல்லை. பெயர்களை இன்னும் எடுக்கிறோம், பதிவுக்காக. அவர் எப்போது வந்தாலும் பத்திரங்களை வாங்குவோம், ஆனால் தூரத்தில் இருந்து வருகிறார் என்பதால் சொல்கிறேன் என்றார்.

நன்றி சொல்லிவிட்டு வைத்தேன். நாலரைக்கு கனகு அண்ணை எடுத்தார்.

"கடிதம் வந்திட்டுதே தங்கச்சி?"

இப்போது யோசித்தால், எனக்கு முன்னால் இரண்டு நேரான வழிகள் இருந்தன. காரை விட்டுவிட்டு இப்போதே போங்கோ என்று சொல்லியிருக்கலாம். நேரம் இன்னும் இருந்தது. அல்லது, போய்ப் பிரயோசனம் இல்லை அண்ணை, கப்பல் நின்றுவிட்டது என்று சொல்லியிருக்கலாம். முதலாவதைச் சொல்ல வாய் வரவில்லை, ஏனென்றால் இரண்டாவது எனக்குத் தெரியும். இரண்டாவதைச் சொல்லவும் முடியவில்லை. அந்த மனிதனிடம் இருந்தது அந்தப் பத்து மணி ஒன்றுதான். லொறித் தரிப்பிடத்தில் நிற்கிறவரிடம் அதை எப்படிப் பறிப்பது?

"இன்னும் கொஞ்ச நேரம் அண்ணை. எடுத்துப்போடுவன்" என்றேன்.

பிறகு மும்முரமாகக் கடிதத்தைத் தேடினேன். அந்தக் கடிதத்தால் யாருக்கும் ஒரு பலனும் இல்லை என்று தெரிந்துகொண்டே தேடினேன். கையில் வேலை இருந்தால் வாயால் சொல்லவேண்டியதைத் தள்ளிப்போடலாம். நீங்களும் செய்வீர்கள். செய்யும்போது அது உழைப்பு மாதிரித்தான் இருக்கும், அதனால் எச்சரிக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை சுதன் அகப்பட்டான். அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டு அனுப்பினான். பதினொரு மணிக்கு எல்லைக்கு ஃபக்ஸ் போனது. அவர்கள் உள்ளே போனார்கள். முகாம் நிலத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நியூயோர்க் அலுவலகத்தைப் பூட்டிவிட்டார்கள். சனி, ஞாயிறு அங்கேயே இருந்தார்கள். திங்கட்கிழமை காலை, நகரத்துக்குள் போவதற்குக் காரைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது, வன்னியில் எல்லாம் முடிந்துவிட்டது என்ற செய்தி வந்தது. கழற்றிய காரைத் திரும்பக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அந்த அலுவலகத்தின் வாசலை அவர் மிதிக்கவே இல்லை.

அவர்கள் நியூயோர்க்குக்கு வெளியே காத்திருந்த அந்தச் சனிக்கிழமை மலர் இறந்துவிட்டாள் என்று, வன்னியில் இருந்து தப்பி அகதி முகாமுக்கு வந்துசேர்ந்த ஒரு பெண் மூலம் ஆடி மாதம் தெரிந்தது. காயம் புழுத்துப் போனதாம்.

இலை கொட்டுகிற காலத்தில் கனகு அண்ணை தனியே ஒபிஸுக்கு வந்தார். மோட்டர்ஹோமை விற்றுவிட்டார், இன்சூரன்ஸை நிற்பாட்டவேண்டும். நான் படிவத்தை எடுத்தேன். இருவரும் காலநிலையைப் பற்றிக் கதைத்தோம். கையெழுத்துப் போடப் பேனையை எடுத்தவர் அப்படியே பிடித்துக்கொண்டு இருந்தார்.

"தங்கச்சி, ஒண்டு கேக்கிறன், மறைக்காமல் சொல்லும். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நான் அங்கை நிண்டிருந்தால், பிள்ளையைக் கப்பலிலை ஏத்தியிருப்பினமோ?"

என்னைக் குற்றம் சாட்டித்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். அரை மணித்தியாலம் பொறுங்கோ என்று சொன்னவளை, கொழுவச் சொன்னவளை. பதில் என் வாய்க்குள் இருந்தது. ஆனால் இப்போது கப்பல் முதலே நின்றுவிட்டது அண்ணை என்று சொன்னால், அது என் பிழையை நானே கழுவுகிற மாதிரி இருக்கும். செத்த பிள்ளையின் தகப்பனுக்கு முன்னால் இருந்து, என்னில் பிழையில்லை என்று எப்படிச் சொல்வது? எனக்கு வெட்கமாக இருந்தது. குற்றத்தைச் சுமப்பதுதான் நேர்மை என்று நினைத்தேன்.

"எனக்குத் தெரியாது அண்ணை" என்றேன்.

தலையை ஆட்டினார். கையெழுத்துப் போட்டார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.

மூன்று வருடம் கழித்து அவர் மாரடைப்பில் போய்விட்டார். செத்தவீட்டுக்கு அடுத்த கிழமை ரூஜில் இருந்த அந்த வீட்டுக்குப் போனேன். யோகம் அக்கா என்னைப் பக்கத்தில் இருத்தி, என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் எதிர்பார்த்த கோபம் ஒரு துளியும் அந்த முகத்தில் இல்லை.

"வசந்தி, அவர் உம்மை ஒரு நாளும் குறை சொல்லேல்லை. நீர் எவ்வளவு ஓடித் திரிஞ்சு கடிதம் எடுத்தனீர் எண்டுதான் சொல்லுவார். தன்னைத்தான் திண்டவர். காரைச் சுதன்ரை பேரிலை போட்டது அவர்தானே. நாலு காசு மிச்சம் பிடிக்கப் போய் என்ரை பிள்ளையை நானே துலைச்சுப்போட்டன் எண்டு, ஒவ்வொரு நாளும், சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னாலை இருந்துகொண்டு..."

அன்றைக்கு ஒபிஸில் கனகு அண்ணை கேட்டது என்னைப் பற்றியே இல்லை. தன்னைப் பற்றி. ஒரே ஒரு வசனம் சொல்லியிருந்தால் அந்த மனிதன் மூன்று வருடம் சோறு தின்றிருப்பார். நான் என் மானத்தைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன். இனியாவது இந்த மனுசிக்கு அந்தப் பாரத்தை இறக்கிவிடவேண்டும் என்று அவசரப்பட்டுவிட்டேன்.

"அக்கா, அது அண்ணையாலை இல்லை. கப்பல் அதுக்கு முந்தின சனிக்கிழமையே நிண்டிட்டுது. அண்ணை நேரத்துக்குப் போயிருந்தாலும் ஏத்தியிருக்க ஏலாது. அந்த ஒபிஸிலையே சொன்னவை."

யோகம் அக்கா என் முகத்தையே பார்த்தார். கையை விடவில்லை.

"உது உமக்கு எப்ப தெரியும்?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். இந்த முறை சொல்லவில்லை.

"நீங்கள் எல்லையிலை நிக்கேக்கை. வியாழக்கிழமை பின்னேரம்."

என் கையை மெதுவாக எடுத்து என் மடியிலேயே வைத்தார். எழும்ப அவருக்கு நேரம் எடுத்தது. நான் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்று தலையாட்டினார். சுவரைப் பிடித்துப் பிடித்துக் குசினிக்குள் போனார். நான் அரை மணித்தியாலம் அந்தக் கதிரையில் இருந்தேன். அவர் திரும்பி வரவில்லை.